ரேகையில்லாத சாட்சி

புனிதர் பட்டத்துக்காக ஒருவருடைய பெயரை மேலே அனுப்ப ஆரம்பித்துவிட்டால், அவருடைய கல்லறையில் விளக்கு எரியக் கூடாது என்பது எனக்கு ஐம்பத்தொன்பதாவது வயதில்தான் தெரிந்தது. அதுவும் அந்த விளக்கை எடுக்கச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்த பிறகு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவள் நான். வருகைப் பதிவு, லீவு, ஷிப்ட் மாற்றம் என்று எல்லாமே என் மேஜையைத் தாண்டித்தான் போகும். தமிழும் இங்கிலீஷும் வேகமாக டைப் அடிப்பேன். பிறந்து வளர்ந்த தெருவில் பாதி வீடுகள் முஸ்லிம் வீடுகள் என்பதால் உருது தண்ணீர்பட்ட பாடு. படிக்க மட்டும் வராது. ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் எங்கள் பங்குத்தந்தை கூப்பிட்டு அனுப்பினார்.

"வீட்ல சும்மாதானே இருக்கீங்க?" என்றார்.

"ஆமா ஃபாதர்."

"இனிமே இருக்க மாட்டீங்க."

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் தோல் ஷாப்பு வரிசையின் கடைசியில், இரண்டே அறை கொண்ட ஒரு மருந்தகத்தை நடத்திவந்த கன்னியாஸ்திரீ ஒருவர் இருந்தார். தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்வது தோல் பதனிடும் தொழிற்சாலையை. அங்கே சுண்ணாம்பிலும் குரோமிலும் வேலை செய்து கையும் காலும் வெந்துபோனவர்களுக்குக் கட்டுப்போடுவதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. நர்ஸ் படிப்புப் படித்தவர். கிறிஸ்தவர்கள் அவரை சிஸ்டர் என்றோம். முஸ்லிம்கள் ஆபா என்றார்கள். உருதுவில் அக்கா என்று அர்த்தம். அவர் இறந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய சபையைச் சேர்ந்த சகோதரிகள் ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், மனுக் கொடுத்து, ரோமிலிருந்து தடையில்லை என்று பதிலும் வந்து, விசாரணை தொடங்கப்போகிறது. அதற்கு ஓர் எழுத்தர் வேண்டும். தமிழும் உருதுவும் தெரிந்த, டைப் அடிக்கிற, வாயைப் பூட்டி வைக்கக்கூடிய ஆள்.

என் அப்பாவும் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். அவருடைய பாதங்களை சிஸ்டர் மடியில் வைத்துக் கட்டுப்போட்டதை நான் சின்ன வயதில் நேரில் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? சரி என்றேன்.

சத்தியப் பிரமாணம் வேலூரில் ஆயர் இல்லத்தின் சிற்றாலயத்தில் நடந்தது. வேதாகமத்தின் மேல் கை வைத்து, சாட்சிகள் உள்ளே சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்தேன். இன்றும் அதை மீறவில்லை. இங்கே எழுதுவதெல்லாம் அந்த அறைக்கு வெளியே நடந்தவை, அல்லது சாட்சிகளே பிறகு ஊர் கேட்கச் சொல்லிச் சிரித்தவை.

விசாரணைக் குழுவில் நாங்கள் மூன்று பேர். ஆயரின் சார்பில் நீதிபதியாக உட்காரும் ஒரு குரு. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திடும் எழுத்தராக நான். இன்னொருவர் நீதிக் காவலர்; அவரும் பாதிரியார்தான். இந்த மூன்றாமவருடைய வேலையைக் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. சாட்சிகள் சொல்வதில் ஓட்டை இருக்கிறதா, மிகைப்படுத்துகிறார்களா, சிஸ்டரிடம் மறைக்கப்பட்ட குறை ஏதாவது உண்டா என்று குடைவதுதான் அவர் வேலை. ஒல்லியான மனிதர். வேலூர் லாங் பஜார் நெரிசலில் கூட மொபெட்டை விட்டு இறங்காமல் வளைந்து வளைந்து வருவார். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்த மறுநிமிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை.

படிகளை அவர்தான் எனக்கு விளக்கினார். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து சிஸ்டருக்கு 'இறை ஊழியர்' என்று பெயர். இங்கே சாட்சிகளையும் கடிதங்களையும் திரட்டி, கட்டி, முத்திரை வைத்து ரோமுக்கு அனுப்ப வேண்டும். அங்கே படித்துப் பார்த்து, இவருடைய நற்குணங்கள் சாதாரணமானவை அல்ல, வீரம் செறிந்தவை என்று ஏற்றுக்கொண்டால் 'வணக்கத்துக்குரியவர்'. அவருடைய பரிந்துரையால் ஓர் அற்புதம் நடந்தது என்று நிரூபணமானால் 'அருளாளர்'. அதன் பிறகு இன்னொன்றும் நடந்தால்தான் 'புனிதர்'.

"எவ்ளோ வருஷம் ஆகும் ஃபாதர்?"

"அவசரமா? அவங்க எங்கயும் போகப்போறதில்ல."

இதையெல்லாம் சொல்லிவிட்டு, முதல் வேலையாக என்னைக் கல்லறைக்கு அனுப்பினார். திருச்சபை முடிவு சொல்வதற்கு முன்னால் ஒருவரைப் புனிதராகப் பாவித்து யாரும் பொதுவழிபாடு நடத்தக் கூடாது என்பது விதி. வீட்டில் தனியாக வேண்டிக்கொள்ளலாம். அதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் கல்லறையில் விளக்கோ, காணிக்கையோ, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்ட படமோ இருக்கக் கூடாது. குழு நேரில் போய்ப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "ஏதாவது இருந்தா முன்கூட்டியே எடுக்கச் சொல்லிடுங்க. இருந்ததையும் எழுதணும், எடுத்ததையும் எழுதணும். மறைக்கக் கூடாது" என்றார்.

அங்கே அவர் சொன்ன மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் மேலேயும் இருந்தன.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் வேப்பமரத்தடியில் சிஸ்டரின் சமாதி. தலைமாட்டில் எந்நேரமும் ஓர் அகல் விளக்கு. சிலுவையைச் சுற்றி வேண்டுதல் கயிறுகள். சமாதியின் மேல் சரிகை வைத்த பச்சைத் துணி, தர்காவில் போர்த்துகிற மாதிரி. சுவரில் பதித்த பீங்கான் பலகையில் சிஸ்டரின் படம். படத்தில் தலைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வட்டம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், வெளிநாட்டு ஆர்டர் கிடைக்க வேண்டும் என்று ஏற்றுமதிக்காரர்கள், குழந்தை இல்லாதவர்கள் என்று யார் யாரோ வந்து நிற்பார்கள்.

விளக்குக்குச் சொந்தக்காரர் ஓர் அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவர். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற இந்து வீட்டுப் பெண். கல்யாணமாகி ஆம்பூர் வந்தவர். கணவர் இறந்த பிறகு, கையுறை எதுவும் தராத ஒரு சின்னத் தோல் ஷாப்பில், சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து முடி வழிக்கும் வேலையில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் அதையே செய்தார். ஒரு சமயம் வலது கை புண்ணாகி, சீழ் பிடித்து, எடுத்துவிட வேண்டியதுதான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். சிஸ்டர் விடவில்லை. ஐந்து மாதம் காலையும் மாலையும் கட்டு மாற்றி அந்தக் கையைக் காப்பாற்றினார். சிஸ்டரை அடக்கம் செய்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அக்கா வந்து விளக்கு ஏற்றுகிறார். மழை, புயல், ஊரடங்கு எதிலும் நிறுத்தியதில்லை.

அவரிடம் போய் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு இங்க விளக்கு ஏத்த வேணாம்."

"ஏன், எண்ணெய் ஒழுகுதா?"

"அதில்ல. மேலிடத்துல வேணாம்னு சொல்றாங்க."

"எந்த மேலிடம்?"

"ரோமாபுரி."

அக்கா திரியைத் தூண்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரோமாபுரியிலேர்ந்து இந்த விளக்கு தெரியுதா? அவ்ளோ நல்ல கண்ணா அவங்களுக்கு?"

நான் விதியை எடுத்துச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "கும்புட்டா புனிதர் ஆக்க மாட்டாங்க, கும்புடாம இருந்தா ஆக்குவாங்களா? இன்னா நியாயம் இது?"

"சபை முடிவு பண்றதுக்கு முன்னாடி நாமளே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்கா."

"நான் முடிவு பண்ணி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. நீங்கதான் இன்னும் கேள்வி கேட்டுனு இருக்கீங்க."

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குள் முப்பது வருஷப் பழக்கம். வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு நீதிக் காவலருக்குப் போன் போட்டு, என்னால் முடியவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

"வேற ஆளுன்னா நான்தான்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் மொபெட்டில் வந்தார். நேராக அக்காவிடம் போய், பக்கத்துச் சமாதித் திட்டில் உட்கார்ந்தார். நான் தள்ளி நின்றேன்.

"அம்மா, இந்த விசாரணைல என் வேலை இன்னான்னு தெரியுமா? உங்க சிஸ்டர் புனிதர் இல்லைன்னு சொல்றதுக்கு ஏதாவது காரணம் இருக்கான்னு தேடறது."

இவ்வளவு நேரடியாக ஆரம்பிப்பார் என்று நான் நினைக்கவில்லை. அக்கா அசரவில்லை.

"கெடச்சுதா?"

"இன்னும் தேடினு இருக்கேன்."

"தேடுங்க, தேடுங்க."

"தேடறப்ப யாரைக் கேக்கணும்னு பாத்தேன். எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க. இந்த விளக்கு பேசுமாம்மா? நல்லா எரியுது, அழகா இருக்குது. ஆனா ரோமாபுரிக்குப் போகாது. நீங்க வந்து பேசினா உங்க பேச்சு போகும். ஒரு எழுத்து விடாம போகும். இந்தம்மா டைப் அடிப்பாங்க."

அக்கா முதன்முறையாகத் தடுமாறினார். "நான் வேதத்துல இல்லியே சாமி."

"அதனாலதான் கேக்குறேன். எங்க ஆளுங்க எங்க சிஸ்டரப் புகழ்றது பெரிய விஷயமில்ல. நீங்க சொல்லணும்."

"என் பேச்ச அங்க படிப்பாங்களா?"

"படிக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க."

அக்கா சமாதிமேல் வைத்திருந்த ஒரு பூவை எடுத்து, அந்தப் பூவால் திரியை அமர்த்தினார். சூடு ஆறும்வரை காத்திருந்து, அகலை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டார். "வூட்ல ஏத்திக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டார். "தாராளமா" என்றார் நீதிக் காவலர். அன்று எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

ஆனால் பிடித்துப்போன அதே நிமிடத்தில் அவர் சுவரிலிருந்த பீங்கான் பலகையைப் பார்த்துவிட்டார். "இந்த ஒளிவட்டம் போட்ட படத்த யார் வெச்சது?"

எங்கள் ஆபீஸ் பெண்கள் சேர்ந்து வைத்த படம் அது. தலைக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் வைங்க என்று ஸ்டுடியோக்காரரிடம் சொன்னது நானேதான்.

"நான்தான் ஃபாதர்" என்றேன்.

அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "ரொம்ப நல்லது. எழுத்தர் எழுதணும்: ஒளிவட்டத்த வெச்சது எழுத்தர்."

எழுதினேன். இன்றும் அந்தப் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறது.

மற்றவற்றை அகற்றுவது நினைத்ததைவிடச் சுலபமாக நடந்தது. விளக்கை எடுக்க அக்காவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. கயிறு கட்டினவர்கள் தாங்களே வந்து அவிழ்த்துக்கொண்டு போனார்கள். நாங்கள் பலகையைப் பெயர்த்து, ஒளிவட்டம் இல்லாத சாதாரணப் படத்தை வைத்தோம். பச்சைத் துணியை எடுக்க, அதைப் போர்த்தியவரே வந்தார். பெரிய தோல் ஷாப்பு ஒன்றின் முதலாளி. எழுபது வயதைத் தாண்டிய ஹாஜியார். இந்த விஷயத்தைச் சொல்ல நான் அவர் வீட்டுக்குப் போனபோது, "இதுக்கா இவ்ளோ பேஜாரா வந்தே? ஆபாவுக்கு நல்லது நடக்கும்னா நான் வந்து எடுக்குறேன்" என்று சொல்லியிருந்தார். வந்து, நான்கு மூலையையும் சேர்த்து மடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபடியே அவர் எனக்கும் நீதிக் காவலருக்கும் ஒரு சம்பவம் சொன்னார். பிறகு அவரும் சாட்சியாக வந்தார்; இந்தச் சம்பவத்தைத் தானே ஆம்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அவருக்கு இருபது வயது இருக்கும்போது நடந்தது. அவருடைய அப்பா அப்போது முதலாளி. வேலைக்காரர்களுக்கு ரப்பர் கையுறை வாங்கித் தர வேண்டும் என்று சிஸ்டர் பல தடவை வந்து கேட்டிருக்கிறார். "சுண்ணாம்பு அவங்களுக்குப் பழகிப்போச்சு சிஸ்டர், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம் அப்பா. ஒருநாள் சிஸ்டர் மறுபடி வந்தார்.

"வாவா திரும்பவும் அதையே சொன்னாங்க," என்றார் ஹாஜியார். வாவா என்று அவர் சொல்வது தன் அப்பாவை. "ஆபா ஒரு வார்த்த பேசல. சட்டுனு கைய சுண்ணாம்புத் தொட்டில வுட்டாங்க. முழங்கை வரைக்கும். எடுக்கவே இல்ல. 'பழகுதான்னு பாக்குறேன்'னாங்க. வாவாவுக்கு முகமெல்லாம் வேர்த்துப்போச்சு. ஓடிப்போய் அவரே கையப் புடிச்சு இழுத்தாரு. மறுவாரம் மெட்ராஸ்லேர்ந்து கையுறை வந்துச்சு, பூட்ஸும் வந்துச்சு. ஆபா கைக்குக் கட்டுப் போட்டுனு ரெண்டு மாசம் இருந்தாங்க."

நான் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீதிக் காவலர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "பாய், தப்பா நெனைக்காதீங்க. நர்ஸ் படிச்சவங்க, சுண்ணாம்பு வேகும்னு தெரியும். தெரிஞ்சே கைய வுட்டாங்கன்னா, அது தைரியமா, இல்ல முரட்டுத்தனமா? எங்க கணக்குல தைரியம் மட்டும் போதாது. விவேகமும் இருக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹாஜியார் கோபப்படவில்லை. யோசித்தார். பழைய இடத்தை மனதுக்குள் பார்ப்பவர் போலக் கையால் காற்றில் காட்டினார்.

"இரு, இரு. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பக்கெட் இருந்துச்சு. ஆமா! அவங்கதான் கொண்டாந்தாங்க. வந்ததுமே கிணத்துல தண்ணி சேந்தி, பக்கெட்ட ரொப்பி, தொட்டி பக்கத்துல வெச்சாங்க. இது எதுக்குன்னு நான் நெனச்சேன். வாவா கைய இழுத்ததும் அந்தத் தண்ணிலதான் ரொம்ப நேரம் முக்கி வெச்சினு இருந்தாங்க."

நீதிக் காவலரின் முகம் மலர்ந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். "அதச் சொல்லுங்க பாய்! அறைக்குள்ள வந்து அத முதல்ல சொல்லுங்க. விவேகம் பக்கெட்ல இருக்குது."

அன்றுதான் அவருடைய கேள்விகளின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அவர் குடைந்து குடைந்து கேட்டிராவிட்டால் அந்தப் பக்கெட் ஹாஜியாருடைய ஞாபகத்திலேயே புதைந்து போயிருக்கும்.

பிறகு குழு முறைப்படி வந்து கல்லறையைப் பார்த்தது. வெறும் சமாதி, வெறும் சிலுவை, வேப்பம்பூ. முன்பு என்னென்ன இருந்தன, யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினோம். எடுத்துச் சொன்னதும் ஊரே ஏற்றுக்கொண்டது என்பதை நீதிபதி தனி வரியாகவே சேர்க்கச் சொன்னார்.

அக்காவின் சாட்சி நாள் வந்தது. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு நானும் அவரும் பஸ்ஸில் போனோம். வழி நெடுக அவர் பேசவில்லை. ஆயர் இல்லத்தில் அந்த அறைக்குள் நுழைந்ததும், மேஜை மேல் இருந்த வேதாகமத்தைப் பார்த்துவிட்டு நீதிபதியிடம் கேட்டார்: "நான் எது மேல சத்தியம் பண்றது?"

"உங்களுக்கு எது சத்தியமோ அது மேல பண்ணுங்கம்மா."

அக்கா வலது கையை உயர்த்திக் காட்டினார். "இது மேல பண்றேன்."

உள்ளே பேசியதை நான் எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் அக்காவே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிஸ்டருக்குக் கோபம் வருமா என்று நீதிக் காவலர் கேட்டாராம். "வராம? கட்ட அவுத்துட்டு வேலைக்குப் போனேன்னு ஒருநாள் மருந்துத் தட்டையே தூக்கி அடிச்சாங்க. அப்புறம் அவங்களே குனிஞ்சு பொறுக்கினு, என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க" என்றாராம். இடைவேளையில் நான் பயந்துபோய், இது பாதிக்குமா என்று நீதிபதியிடம் கேட்டேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கோபமே வராதுன்னு எல்லாரும் சொல்லியிருந்தாதான் எனக்கு சந்தேகம் வந்திருக்கும்."

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகு நடந்ததையும் அக்காவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். முடிந்ததும் நான் டைப் அடித்ததை முழுக்கப் படித்துக் காட்டினேன். சரி என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் சாட்சி கையெழுத்திட வேண்டும். அக்காவுக்கு எழுதத் தெரியாது. மைப் பெட்டியைத் திறந்தேன். அவர் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்தேன்.

நீலமாக ஒரு பொட்டு விழுந்தது. அவ்வளவுதான். உள்ளே ஒரு கோடு இல்லை.

மை அதிகமாகிவிட்டது என்று நினைத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். அதே பொட்டு. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், இடது கை என்று பார்த்தேன். எல்லாம் வழவழவென்ற பொட்டுகள்.

"ரேஷன் கடைலயும் இதே கதைதான்," என்றார் அக்கா தலையைக் குனிந்துகொண்டு. "மெஷின் என்னை இல்லைன்னுடும். பேங்க்ல கூட ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க. நான் சொன்னதெல்லாம் வீணாப் பூடுச்சா?"

நீதிபதி கவலையோடு காகிதத்தைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி இதைப் படிக்கிற ஒருவர், இது யாருடைய அடையாளம் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கையை மேலே தூக்கிச் சத்தியம் செய்த பெண் இப்போது அதைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார்.

நீதிக் காவலர் எழுந்து வந்தார். "காட்டுங்கம்மா" என்று அந்தக் கையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மை அவர் விரலெல்லாம் ஒட்டியது. அவர் கண்டுகொள்ளவில்லை.

"எத்தன வருஷம் சுண்ணாம்புல?"

"இருபத்திரண்டு."

அவர் என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. சாட்சியின் பத்து விரல்களிலும் ரேகை இல்லை. இருபத்திரண்டு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்ததால் தேய்ந்துபோயிருக்கிறது. இந்தக் கைகளுக்காகவே இறை ஊழியர் இந்த ஊரில் வாழ்ந்தார் என்பதைக் குழு நேரில் கண்டது. பொட்டு வடிவில் உள்ள இந்த அடையாளம் சாட்சியுடையதே என்று கீழே கையெழுத்திடும் மூவரும் உறுதி கூறுகிறோம்."

எழுதினேன். முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பக்கம் டைப் அடித்திருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தது அந்த ஐந்து வரிகளைத்தான். பக்கத்துக்குப் பக்கம் அக்கா பொட்டு வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் நாங்கள் மூவரும் அதன் கீழே கையெழுத்திட்டோம். கடைசிப் பக்கம் முடிந்ததும் அக்கா என் காதருகே குனிந்தார்.

"அப்ப நான் தான் நான்னு ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கினாங்கக்கா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் வாய் ஓயவில்லை. கண்டக்டர், பக்கத்து சீட்டுப் பெண், முன்சீட்டுப் பெரியவர் என்று எல்லோரிடமும், ரேஷன் கடை மெஷினே ஏத்துக்காத தன் விரலை ரோமாபுரிக்காரர்கள் ஏற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று காட்டிக்கொண்டே வந்தார். நகக்கண்ணில் இருந்த மையை அவர் ஒரு வாரம் தேய்த்துக் கழுவவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாட்சிகள் எல்லாம் முடிந்து, சிஸ்டர் எழுதிய கடிதங்களும் மருந்தகக் குறிப்புகளும் சேர்ந்து, நகல்கள் எடுத்து, பக்கம் பக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டு முடிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. நிறைவு நாளில் வேலூர்ப் பேராலயத்தில் நிற்க இடமில்லை. ஆம்பூரிலிருந்து மட்டும் பதினோரு பஸ். ஷூ கம்பெனிப் பெண்கள் யூனிபார்மோடு வந்திருந்தார்கள். தொப்பி அணிந்த பெரியவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் மேஜையில் பெட்டிகள். நான் ஒவ்வொரு கட்டையும் எண்ணிக்கை சொல்லி உள்ளே வைத்தேன். சிவப்பு நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றினோம். ஆயர் முத்திரையை அழுத்தினார். கோயிலே அதிரும்படி கைதட்டல். பக்கத்தில் நின்ற நீதிக் காவலர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "என் தேடல் முடிஞ்சது" என்றார். "கெடச்சுதா ஃபாதர்?" என்றேன். "ஒண்ணும் கெடைக்கல" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வருஷம் ரோமிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் விசாரணை விதிப்படி நடந்திருக்கிறது, ஆவணங்கள் செல்லும் என்று புனிதர் காரியங்களைக் கவனிக்கும் துறை ஏற்றுக்கொண்டிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை என்னையே படிக்கச் சொன்னார். தமிழில் வாசித்தேன். பிறகு வாசலில் கூடியிருந்தவர்களுக்காக உருதுவிலும் சொன்னேன். மணியடிக்கிறவர் யாரும் சொல்லாமலேயே கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் கோயில் வளாகத்தில் ஹாஜியார் அனுப்பிய இரண்டு பெரிய தேக்சா பிரியாணி வந்து இறங்கியது. அவரும் வந்தார்.

"ஆபா கேஸு ஜெயிச்சுடுச்சாமே?"

"இன்னும் இல்ல பாய். பேப்பரெல்லாம் சரியா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இனிமேதான் படிப்பாங்க. அப்புறம் அற்புதம் வேணும், அதுக்கப்புறம் இன்னொண்ணு வேணும்..."

"அது வரும்போது வரட்டும்," என்றார் அவர். "நம்ம பேப்பர யாரும் திருப்பி அனுப்பல இல்ல? அதுக்கு இன்னிக்கு சாப்புடு."

அக்கா எனக்கு முன்னாலேயே பந்தியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். நான் உட்கார்ந்ததும், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு ஜாஸ்தியா வைய்யி. இவங்கதான் டைப் அடிச்சவங்க" என்றார்.